வலையமைப்பில் வளையமும் வாயிற்காவலும்

ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லப் பல வழிகள் இருப்பது ஊருக்கு நன்மையே. பெங்களூரின் பழைய கன்டோன்மெண்ட் பகுதியில், பிரேசர் டவுனையும் குக் டவுனையும் அடுத்துள்ள ரிச்சர்ட்ஸ் டவுனில், பூங்காவைச் சூழ்ந்து தெருக்கள் பல ஒன்றையொன்று தொட்டுச் செல்கின்றன. ஒரு தெருவில் குடிநீர்க் குழாய்க்காகப் பள்ளம் தோண்டினால், மக்கள் அடுத்த தெருவின் வழியே சுற்றிச் செல்வர். செல்லுமிடத்தை அறிந்தவர்கள் ஆதலின், அங்குச் சேர்ந்ததும் நின்றும் விடுவர்.

கணிப்பொறிகளை இணைக்கும் வலையமைப்பில் நிலைமை வேறு. அங்கே ஊர்ந்து செல்லும் செய்திப் பொதிகளுக்கு இரண்டாவது வழி ஒன்று கிடைத்துவிட்டால், அவை நிற்பதறியாது சுற்றத் தொடங்கும். காவலாக அமைத்த வழியே கேட்டிற்குக் காரணமாகிவிடும். இதனைத் தடுப்பதற்கென வகுக்கப்பட்ட ஏற்பாடு யாது, அது எவ்வாறு தவறக்கூடும், தவறாமல் காப்பது எங்ஙனம் என்பன இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

சுவிட்ச் எனும் கருவி

1986-ஆம் ஆண்டளவில் எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்புத் திட்டம் நம் நாட்டில் தொடங்கப்பெற்றபோது, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம் அதில் பங்கேற்ற நிறுவனங்களுள் ஒன்றாக இருந்தது. அந்நாளில் பெரிய ஆராய்ச்சிக் கூடங்களுக்கே உரியதாயிருந்த இவ்வசதி, இன்று குடியிருப்புப் பகுதிகளிலுள்ள பள்ளிகளுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் வந்துவிட்டது. அத்தகைய கட்டடங்களில் சுவரோரத்து அலமாரியொன்றில் பச்சை விளக்குகள் மின்னக் காணப்படும் கருவியே சுவிட்ச் ஆகும். மின்விளக்கின் சுவிட்சுக்கும் இதற்கும் பெயரளவிலேயே ஒற்றுமை உண்டு.

இக்கருவியில் 8, 24 அல்லது 48 வாயில்கள் இருக்கும். ஒவ்வொரு வாயிலிலும் ஒரு கணிப்பொறியோ, தொலைபேசியோ, மற்றொரு சுவிட்சோ இணைக்கப்படும். ஒரு பொதி உள்ளே வரும்போது, அதனை அனுப்பிய கருவியின் முகவரி எது, அது எந்த வாயில் வழியே வந்தது என்பவற்றைச் சுவிட்ச் குறித்துக்கொள்ளும். பின்னர் அம்முகவரிக்கு ஏதேனும் பொதி வந்தால், குறித்த வாயில் வழியே மட்டும் அதனை வெளியிடும். பெறுபவரின் முகவரி குறிப்பில் இல்லையெனினும், பொதி எல்லாருக்கும் உரிய பொது அறிவிப்பாக இருப்பினும், வந்த வாயில் நீங்கலாக ஏனைய எல்லா வாயில்கள் வழியேயும் அதன் பிரதிகள் அனுப்பப்படும்.

இவ்வெளிய விதியினால்தான் சுவிட்ச் யாரும் கற்பிக்காமலே வேலை செய்கிறது. இடர் பிறப்பதும் இவ்விதியினாலேயே.

வளையம் தோன்றினால் நேர்வது

மூன்று மாடிகளையுடைய ஒரு பள்ளிக் கட்டடத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தரைத் தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு சுவிட்ச் உள்ளது. தரைத் தளத்திலிருந்து ஏனைய இரண்டிற்கும் தனித்தனியே கம்பி செல்கிறது. ஒரு கம்பி அறுந்தாலும் வேலை நில்லாதிருத்தல் வேண்டும் எனக் கருதி, முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் இடையே மூன்றாவது கம்பி ஒன்றும் இடப்படுகிறது. இப்போது ஒரு முக்கோணம், அதாவது ஒரு வளையம், அமைந்துவிட்டது.

தரைத் தளத்துக் கணிப்பொறியொன்று ஒரு பொது அறிவிப்பை அனுப்புவதாகக் கொள்வோம். அதன் பிரதிகள் இரு மாடிகளுக்கும் செல்லும். முதல் மாடி அதனை இரண்டாம் மாடிக்கும், இரண்டாம் மாடி முதல் மாடிக்கும் அனுப்பும். அவை இரண்டும் அவற்றை மீண்டும் தரைத் தளத்திற்கு அனுப்பும். தரைத் தளத்துச் சுவிட்ச் அவற்றைப் புதியனவாகவே கருதி மறுபடியும் வெளியிடும். வளையம் ஒன்றேயாயின் பொதி ஓயாது சுற்றிக்கொண்டிருக்கும். வளையங்கள் பலவாயின் ஒவ்வொரு சுற்றிலும் பிரதிகளின் தொகை பெருகும்.

இணையத்தின் நெடுந்தொலைவுப் பொதிகளில் ஆயுட்காலம் குறிக்கும் எண் ஒன்று உண்டு. வழியிலுள்ள ஒவ்வொரு நிலையத்திலும் அது ஒன்று குறைந்து, பூச்சியமானதும் பொதி அழிக்கப்படும். ஈதர்நெட் எனப்படும் உள்ளிட வலையமைப்பின் பொதியுறையில் அத்தகைய எண் இல்லை. எனவே அங்குப் பொதிக்கு மூப்பும் இல்லை, முடிவும் இல்லை. விநாடிக்கு நூறு கோடி பிட் செல்லும் கம்பியில், மிகச் சிறிய பொதிகள் விநாடிக்கு ஏறத்தாழ 14 லட்சத்து 88 ஆயிரம் செல்லக்கூடும். கம்பி முழுவதும் பயனற்ற பிரதிகளால் நிரம்பச் சில விநாடிகளே போதும். ஒரே முகவரி இரு வாயில்களில் மாறி மாறித் தென்படுவதால் சுவிட்சின் குறிப்பும் குழம்பிப் போகும். இந்நிலையை அறிவிப்புப் புயல் என்பர்.

அளாவு மரம்

மின்சாரத் துறையினர் இதனை ஒத்ததொரு சிக்கலை நெடுநாட்களுக்கு முன்பே அறிந்திருந்தனர். நகரங்களில் நிலத்தடி மின்கம்பிகளை வளையமாக இடுவது வழக்கம். எனினும் அவ்வளையத்தில் ஓரிடத்தைத் திறந்தே வைத்திருப்பர். ஒரு பகுதியில் பழுது நேர்ந்தால், அப்பகுதியை விலக்கிவிட்டுத் திறந்த இடத்தை மூடி மறுபக்கமிருந்து மின்சாரத்தைச் செலுத்துவர். கம்பியால் வளையமாயினும், மின்னோட்டத்தால் அது கிளைவிட்ட மரமே ஆகும்.

இதே கருத்தைக் கணிப்பொறி வலையமைப்பில், மனிதர் தலையீடின்றித் தானே நிகழுமாறு அமைத்தவர் ரேடியா பெர்ல்மன் அம்மையார் ஆவார். அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1985-ஆம் ஆண்டு இம்முறையை வெளியிட்டார். 1990-ஆம் ஆண்டில் ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் கழகம் அதனை 802.1டி என்ற தரவிதியாக ஏற்றது. இதற்கு ஸ்பானிங் ட்ரீ என்று பெயர். எல்லா இடங்களையும் தொட்டு, எவ்விடத்தும் வளையமின்றி நிற்கும் அளாவு மரம் என்பது அதன் பொருள்.

இதன் செயல்முறை வருமாறு: ஒவ்வொரு சுவிட்சும் பி.பி.டி.யு. எனப்படும் சிறு கட்டுப்பாட்டுச் செய்தியை அண்டையிலுள்ள சுவிட்சுகளுக்கு அனுப்புகிறது. ஒவ்வொன்றிற்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதன் முற்பகுதி நிர்வாகி குறிக்கும் முதன்மை எண். பிற்பகுதி உற்பத்தியின்போதே பதிக்கப்பட்ட முகவரி. யாவற்றினும் சிறிய அடையாள எண்ணையுடைய சுவிட்ச் மரத்தின் வேராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. பிறகு ஏனைய சுவிட்சுகள் ஒவ்வொன்றும் வேரை அடையச் செலவு குறைந்த வழியை நாடுகின்றன. செலவு என்பது ஈண்டுக் கம்பியின் வேகத்தைப் பொறுத்த எண் ஆகும். பழைய தரவிதிப்படி, விநாடிக்கு ஒரு கோடி பிட் செல்லும் கம்பிக்கு 100, பத்துக் கோடிக்கு 19, நூறு கோடிக்கு 4 என அது அமையும்.

மேற்கூறிய பள்ளியில் தரைத் தளத்துச் சுவிட்ச் வேர் எனக் கொண்டால், இரு மாடிகளுக்கும் நேர்வழிச் செலவு 4, சுற்றுவழிச் செலவு 8. ஆதலின் இரண்டும் நேர்வழியையே கொள்ளும். மாடிகளுக்கு இடையேயுள்ள மூன்றாம் கம்பி தேவைக்கு மிகுதியானது. அவ்விரு சுவிட்சுகளுள் பெரிய அடையாள எண்ணையுடையது, அக்கம்பிக்கு உரிய தன் வாயிலை அடைத்துக்கொள்ளும். எனினும் அவ்வாயில் உறங்குவதில்லை. எதிர்ப்புறத்திலிருந்து வரும் பி.பி.டி.யு. செய்திகளை அது இடைவிடாது கேட்டுக்கொண்டேயிருக்கும்.

இச்செய்தி 2 விநாடிக்கு ஒருமுறை வருதல் வேண்டும். 20 விநாடிகள் வரையில் அது வாராதிருப்பின், எதிர்ப்புறம் பழுதுற்றது எனக் கருதி, அடைத்த வாயில் திறக்க முற்படும். திறக்குமுன் 15 விநாடி கேட்கும் நிலையிலும், 15 விநாடி கற்கும் நிலையிலும் அது நிற்கும். ஆக மொத்தம் 50 விநாடிகள் வரை ஆகலாம். 2001-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விரைவு முறையில், மூன்று செய்திகள் தவறினாலே, அதாவது 6 விநாடிகளிலேயே, மாற்றம் தொடங்கும். கம்பி நேராக அறுந்துவிட்டால் அதனினும் விரைவாகவே மாற்றுவழி கிடைக்கும்.

மௌனத்தால் வந்த கேடு

இம்முறையின் வலிமை எதுவோ அதுவே அதன் மெலிவுமாகும். மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது போல, செய்தி வாராமையை வழி திறப்பதற்கு அனுமதியாக இது கொள்கிறது. எதிர்ப்புறத்துச் சுவிட்ச் உயிரோடிருந்தும், வேலைப் பளுவினால் பேச இயலாது போயின், அடைத்த வாயில் திறந்துகொள்ளும். அக்கணமே வளையம் பிறக்கும். வளையம் பளுவை மேலும் பெருக்க, பிற வாயில்களும் திறக்கும்.

2002-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள், பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ நிலையத்தில் இவ்வாறே நேர்ந்தது. அந்நிலையத்தின் வலையமைப்பு ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாக நீட்டப்பட்டு, அளாவு மரம் தாங்கக்கூடிய அளவைக் கடந்திருந்தது. வழக்கமான கால அளவுகளின்படி, வலையமைப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இடையே ஏழு சுவிட்சுகளுக்கு மேற்படலாகாது என்பது பரிந்துரை. ஆராய்ச்சிப் பகுதியிலிருந்து பெருமளவில் வெளிவந்த செய்திகள் அவ்வமைப்பை நிலைகுலையச் செய்தன. மருந்துக் குறிப்புகளும் சோதனை முடிவுகளும் கணிப்பொறி வழியே செல்ல இயலாது போயின. சில நாட்கள் மருத்துவர்களும் செவிலியரும் காகிதத்தில் எழுதி, ஆட்கள் மூலம் கொடுத்தனுப்பிப் பணியாற்ற நேர்ந்தது. சிஸ்கோ நிறுவனத்தின் பொறியாளர்களும் புதிய கருவிகளும் வரவழைக்கப்பட்டு, வலையமைப்பு சீர்செய்யப்பட்டது. அந்நிலையத்தின் தகவல் துறைத் தலைவர் ஜான் ஹலாம்கா நடந்தவற்றை மறைக்காது வெளியிட்டமையால், பிற மருத்துவமனைகளும் அதனால் பாடம் கற்றன.

பெரிய மருத்துவமனைக்கு நேர்ந்தது சிறிய பள்ளிக்கும் நேரக்கூடும். அதற்குப் பெரும் பளு வேண்டுவதில்லை. சுவரிலுள்ள இரு துளைகளில் ஒரே கம்பியின் இரு முனைகளையும் எவரேனும் செருகிவிடுவதே போதும்.

வாயில்களுக்குக் காவல்

எனவே அளாவு மரத்தை இயக்கி வைப்பதோடு நிர்வாகியின் கடமை முடிவதில்லை. எந்த வாயிலில் எத்தகைய பேச்சு கேட்கப்பட வேண்டும், எங்கே கேட்கப்படலாகாது, பேச்சு நின்றால் என் செய்வது என்பவற்றை அவர் முன்னரே வரையறுத்தல் வேண்டும்.

முதலாவது, வேரை நிர்வாகியே நியமித்தல் வேண்டும். எல்லாச் சுவிட்சுகளுக்கும் முதன்மை எண் தொடக்கத்தில் 32768 என்றே இருக்கும். அதனை மாற்றாது விட்டால், பதிக்கப்பட்ட முகவரியே தேர்தலை முடிவுசெய்யும். மூலையில் கிடக்கும் பழைய, மெதுவான சுவிட்ச் ஒன்று வேராகிவிட்டால், நல்ல கம்பிகள் அடைபட்டு, செய்திகள் யாவும் அதன் வழியே நெருங்கிச் செல்ல நேரும். இவ்வெண்ணை 4096-இன் மடங்குகளாகவே மாற்ற இயலும். நடுவிலுள்ள வலிய சுவிட்சுக்கு 4096 என்றும், அதற்கு அடுத்த துணைச் சுவிட்சுக்கு 8192 என்றும் குறித்தல் நன்று.

இரண்டாவது, கணிப்பொறி இணையும் வாயில்களை விளிம்பு வாயில்கள் எனக் குறித்தல் வேண்டும். அவ்வாயில்கள் 30 விநாடி காத்திராமல் உடனே திறக்கும். இல்லையேல் காலையில் கணிப்பொறியை இயக்குபவருக்கு வலையமைப்பு முகவரி கிடைக்கத் தாமதமாகும்.

மூன்றாவது, விளிம்பு வாயில்கள் யாவற்றிலும் பி.பி.டி.யு. கார்டு எனப்படும் காவலை அமைத்தல் வேண்டும். கணிப்பொறி பி.பி.டி.யு. செய்தி அனுப்புவதில்லை. அனுப்புவது சுவிட்ச் மட்டுமே. ஆகவே விளிம்பு வாயிலில் அச்செய்தி ஒன்று வந்தாலும், அங்கே எவரோ ஒரு சுவிட்சை இணைத்துவிட்டனர், அல்லது வளையம் விழுந்துவிட்டது என்பது உறுதி. காவல் அவ்வாயிலை உடனே மூடிவிடும். சில நிமிடங்கள் கழித்துத் தானே திறக்குமாறு அமைப்பதும் உண்டு. ஆயினும் காரணத்தைக் கண்டு நீக்கிய பின்னர்த் திறப்பதே முறை.

நான்காவது ரூட் கார்டு ஆகும். பிறர் பொறுப்பிலுள்ள சுவிட்சுகள் இணையும் வாயிலில் இதனை அமைப்பர். அங்கிருந்து பி.பி.டி.யு. செய்தி வரலாம். ஆனால், தானே வேர் என உரிமை கோரும் மேலான செய்தி வந்தால் அவ்வாயில் தடுக்கப்படும். அக்கோரிக்கை நின்றதும் அது தானே திறக்கும்.

ஐந்தாவது லூப் கார்டு. மேலே கூறிய மௌனத்தின் கேட்டிற்கு நேரான மருந்து இதுவே. இரு இழைகளையுடைய கண்ணாடி இழைக் கம்பியில் ஓர் இழை மட்டும் பழுதுற்றால், ஒரு பக்கம் பேசுவது மறுபக்கத்திற்குக் கேட்காது. அந்நிலையில், அடைத்திருந்த வாயில் மௌனத்தைக் கண்டு திறவாமல், ஐயத்திற்குரியது எனத் தடுத்தே வைக்கப்படும். இக்காவல், வேரை நோக்கிய வாயிலுக்கும் மாற்று வாயிலுக்கும் உரியது. ரூட் கார்டு, வேர் தோன்றலாகாத திசைக்கு உரியது. ஆதலின் இரண்டையும் ஒரே வாயிலில் அமைப்பது பொருந்தாது.

ஆறாவது, புயல் தடுப்பு. மலிவான சிறு சுவிட்சுகளுள் சில, பி.பி.டி.யு. செய்தியை மறுபுறம் கடத்தாமல் விழுங்கிவிடும். அத்தகைய சுவிட்சின் பின்னே வளையம் விழுந்தால் பி.பி.டி.யு. கார்டு அதனை அறிய வழியில்லை. பொது அறிவிப்புகளின் அளவு குறித்த எல்லையைக் கடந்ததும் அவற்றைத் தடுக்கும் புயல் தடுப்பே அங்குக் கைகொடுக்கும்.

இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வாயிலில் பி.பி.டி.யு. செய்திகளை அனுப்பாமலும் ஏற்காமலும் வடிகட்டும் ஏற்பாடும் ஒன்று உண்டு. காவலால் வாயில்கள் மூடப்படுவதைத் தொல்லையெனக் கருதிச் சிலர் இதனை நாடுவர். இது புகையை அறிவிக்கும் மணியின் நாவை அறுப்பதற்கு ஒப்பாகும். அவ்வாயிலைப் பொறுத்தவரை அளாவு மரமே இல்லாது போய்விடும்.

கண்காணிப்பு

காவல் அமைத்த பின்னரும் கண்காணிப்பு தேவை. அதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஐந்து கேள்விகளுக்கு விடையைத் தவறாது குறித்து வந்தால் போதும்.

வேர் எது? நியமித்த சுவிட்சே வேராக உள்ளதா என்பதை முதலில் நோக்க வேண்டும். மாறியிருப்பின் காரணம் கண்டே ஆகவேண்டும்.

அடைபட்ட வாயில்கள் எவை? அடைபட்ட வாயிலைக் குறையாக எண்ணுவோர் உளர். வளையமுள்ள அமைப்பில் அதுவே நலத்தின் அறிகுறி. அடைபட வேண்டிய வாயில் திறந்திருப்பின், ஒன்று மாற்றுவழி இயங்குகிறது, அன்றேல் வளையம் விழுந்துள்ளது எனக் கொள்ளலாம்.

அமைப்பு மாற்றம் எத்தனை முறை நிகழ்ந்தது, கடைசியாக எப்போது, எந்த வாயிலிலிருந்து? சுவிட்ச் இவற்றைத் தானே எண்ணி வைத்திருக்கும். பழைய முறையில், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முகவரிக் குறிப்பின் ஆயுள் 300 விநாடியிலிருந்து 15 விநாடியாகக் குறைக்கப்படுகிறது. அதனால் பொதிகள் சிறிது நேரம் எல்லா வாயில்கள் வழியேயும் பரவும். விளிம்பு வாயில்கள் சரியாகக் குறிக்கப்படாவிடில், கணிப்பொறியை இயக்கும்போதும் நிறுத்தும்போதும் இவ்வெண்ணிக்கை ஏறும். அந்த இரைச்சலில் உண்மையான மாற்றம் மறைந்துவிடும்.

காவலால் மூடப்பட்ட வாயில்கள் உண்டா, எக்காரணத்தால்? ஒரே வாயில் அடிக்கடி மூடப்படின், அவ்வறையிலுள்ளோரின் தேவை ஒன்று நிறைவேறாதிருக்கிறது என்று பொருள். கூடுதலாக ஒரு துளை அமைத்துக் கொடுத்தால், அவர்கள் தாமாகச் சுவிட்ச் கொணரும் தேவை இராது.

ஒரே முகவரி வெவ்வேறு வாயில்களில் மாறி மாறித் தோன்றுகிறதா? இவ்வறிவிப்பு வளையத்தின் முதல் அடையாளங்களுள் ஒன்று. எல்லா விளக்குகளும் ஓயாது ஒருங்கே மின்னுவதும் சுவிட்சின் செயலகம் இடைவிடாத பளுவிலிருப்பதும் இதனோடு சேர்ந்து காணப்படும்.

இவ்வறிவிப்புகள் சுவிட்சிலேயே கிடந்தால் பயனில்லை. புயல் வீசும்போது அச்சுவிட்சை அணுகவே இயலாது. ஆதலின், அவற்றைத் தனியே ஒரு கணிப்பொறிக்கு அனுப்பிச் சேமிக்க வேண்டும். எல்லாக் கருவிகளின் கடிகாரங்களும் ஒத்திருத்தல் வேண்டும். எது முதலில் நிகழ்ந்தது என்பதை அறிந்தாலன்றி எது காரணம் என்பது விளங்காது. கம்பிகள் செல்லும் வழியைக் காட்டும் படம் ஒன்று காகிதத்தில் அலமாரியின் உட்புறம் ஒட்டப்பட்டிருத்தலும் நலம். வளையம் விழுந்த வேளையில் எக்கம்பியைக் கழற்றுவது என்பதை அது காட்டும்.

விடுமுறை நாளொன்றில், முன்னறிவிப்புடன், முதன்மைக் கம்பி ஒன்றைக் கழற்றிப் பார்த்தலும் நன்று. மாற்றுவழி எத்தனை விநாடியில் திறக்கிறது, கம்பியை மீண்டும் செருகியதும் பழைய நிலை திரும்புகிறதா என்பவை அதனால் தெரியவரும். சோதித்துப் பாராத மாற்றுவழி, உள்ளது என நம்பப்படும் வழியே அன்றி வேறன்று.

இறுதியாக ஒன்று கூற வேண்டும். அளாவு மரம் சிறிய பரப்பிற்கே ஏற்றது. கட்டடங்கள் பலவாகிச் சுவிட்சுகள் பெருகும்போது, முழு வளாகத்தையும் ஒரே மரத்தின் கீழ் வையாமல், ரவுட்டர் எனப்படும் வழிகாட்டுக் கருவிகளால் பகுதி பகுதியாகப் பிரித்தல் வேண்டும். அங்ஙனம் பிரித்தால், ஒரு பகுதியில் எழுந்த புயல் அப்பகுதியிலேயே அடங்கும். பாஸ்டன் மருத்துவ நிலையத்தார் பெருந்துன்பத்திற்குப் பின் மேற்கொண்ட வழியும் இதுவே. பள்ளியோ மருத்துவ நிலையமோ, புதிய சுவிட்ச் ஒன்றை அலமாரியில் ஏற்றும் ஒவ்வொரு முறையும், வேர் எது, விளிம்பு எது, மாற்றுவழி எது என்று குறித்து வைக்கும் அரைமணி நேர உழைப்பு, அத்துன்பத்தை வாராமற் காக்க வல்லது.